நாடற்ற மழலைகள்

"நாடற்றவர்" என்ற சொல் இந்நாட்டுத் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று பத்திரம் கேட்டு, மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து உழைத்த இலட்சக்கணக்கான மக்களைச் சட்டத்தின் ஒரே வீச்சில் எந்நாட்டுக்கும் உரியரல்லாதவராக்கிற்று. அக்கொடுமையின் எச்சத்தைத் துடைப்பதற்கு 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு பத்திரம் இல்லாமையால் மனிதன் மண்ணிழந்து நிற்பது எத்தகையது என்பதை நாம் பட்டறிந்தவர்கள். ஆதலினாற்றான், அதே சொல் இன்று தொட்டிலிற் கிடக்கும் பச்சிளம் பாலகர்மீது சுமத்தப்படுவதைக் கண்டும் வாளாவிருக்க எம்மால் இயலவில்லை.

பிள்ளை வேண்டிய பெற்றோர் ஒரு நாட்டிலும், அப்பிள்ளையைச் சுமக்கும் பெண் மற்றொரு நாட்டிலுமாக, வாடகைத் தாய் முறையினாற் பிறக்கும் குழந்தைகளையே நாம் குறிப்பிடுகின்றோம். தம்பதிகளின் கருவையோ, பிறர் வழங்கிய கருமுட்டையைக் கொண்டு உருவாக்கிய கருவையோ, வேறொரு பெண் தன் கருப்பையில் ஏற்றுப் பெற்றுக் கொடுப்பதே இம்முறை. "வாடகை" என்னும் சொல் எமக்கு உவப்பானதன்று. வீட்டையும் வண்டியையும் வாடகைக்குப் பெறலாம், தாய்மையைப் பெறலாகாது. எனினும், வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லாதலின் அதனையே ஆளுகின்றோம்.

பிள்ளையில்லாத் துயரை நாம் எளிதாக எண்ணவில்லை. அத்துயருக்கு ஆளான பெண்ணை மங்கல காரியங்களிலே ஒதுக்கி வைக்கும் ஈனம் எமது சமூகத்தில் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. உள்ள நகையையும் நிலத்தையும் விற்றாவது ஒரு பிள்ளையைக் கையில் ஏந்த வேண்டுமென்று தவிப்போரை நோக்கி அறவுரை கூறுவது எமது நோக்கமன்று. அவர்களது ஆசை குற்றமன்று. அந்த ஆசையை நம்பி வணிகம் நடத்துவோர், பிறக்கும் குழந்தையின் சட்ட நிலை யாதாகும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பதில்லை என்பதே எமது குறை.

குஜராத் மாநிலத்தின் ஆனந்த் நகரம் பாற்பண்ணைக் கூட்டுறவுக்குப் பேர்பெற்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இத்தொழிலுக்கும் பேர்பெற்றது. 2008 ஆம் ஆண்டு யூலை மாதம் அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை வேண்டியவர்கள் யப்பானியத் தம்பதிகள். கருமுட்டை வேறொரு பெண்ணுடையது; சுமந்தவள் இந்தியப் பெண். குழந்தை பிறப்பதற்கு முன்னரே தம்பதிகள் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்துவிட்டனர். மனைவி "எனக்கும் குழந்தைக்கும் தொடர்பில்லை" என்று ஒதுங்கினாள். யப்பானியச் சட்டம் பெற்றவளையே தாயென்று கொள்வதால் அந்நாடு கடவுச்சீட்டு மறுத்தது. இந்தியாவோ, தாய் எவள் என்று துணியாத நிலையிற் கடவுச்சீட்டு வழங்க இயலாதென்றது. தந்தை தத்தெடுக்க முனைந்தான். தனித்த ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாகாதென்று சட்டம் தடுத்தது. கருமுட்டை தந்தவள், சுமந்தவள், வேண்டியவள் என மூன்று பெண்கள் இருந்தும் அக்குழந்தைக்குச் சட்டத்தின் கண்ணில் ஒரு தாயில்லை! பேர்த்தியைக் காக்க வயோதிபப் பாட்டி கடல் கடந்து வந்தாள். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில், நாட்டுரிமை எதுவுமே குறிக்கப்படாத ஓர் அடையாளப் பத்திரத்தையும், யப்பான் மனிதாபிமானத்தின் பேரில் வழங்கிய விசாவையும் கொண்டு, மூன்று மாதங்களுக்குப் பின்னரே அச்சிசு இந்திய மண்ணை விட்டு நீங்கிற்று.

அதே ஆண்டு சனவரியில் அதே நகரிற் பிறந்த இரட்டைக் குழந்தைகளின் கதை இதனினும் நெடியது. அவர்களை வேண்டியவர்கள் ஜேர்மானியர். ஜேர்மனி இம்முறையை ஏற்பதில்லை. ஆகவே அந்நாடு அவர்களைத் தன் பிரசைகளாகக் கொள்ளவில்லை. 2009 ஆம் ஆண்டு நவம்பரில் குஜராத் மேல் நீதிமன்றம், சுமந்து பெற்றவள் இந்தியப் பெண்ணாதலின் குழந்தைகள் இந்தியப் பிரசைகளே என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசாங்கம் அத்தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. ஈற்றில், பெற்ற தந்தையே தன் மக்களைப் பிறர் மக்கள் போலத் தத்தெடுக்கும் விசித்திரம் நிகழ்ந்த பின்னர், 2010 ஆம் ஆண்டிலேயே அவர்கள் ஜேர்மனிக்குச் செல்ல முடிந்தது. பிறந்து ஈராண்டுகளுக்கு மேல் அக்குழந்தைகள் இரு நாட்டுக்கும் நடுவே நின்றன.

இத்தகைய நிலை எவ்வாறு உண்டாகின்றது? எந்த நாட்டின் சட்டமும் குழந்தையொன்று பிறந்தவுடன் மூன்று வினாக்களுக்கு விடை கூறவேண்டும்: இதன் தாய் எவள்? தந்தை எவன்? நாடு எது? தாய் எவள் என்பதில் ஐயமே எழாது என்பது உரோமச் சட்டத்தின் பழைய முதுமொழி. பிள்ளையைப் பெறுபவளும் அதன் குருதியுறவு உடையவளும் ஒருத்தியாகவே இருந்த காலத்தில் அது சரியே. விஞ்ஞானம் அவ்விருவரையும் பிரித்துவிட்டது. சட்டம் மாத்திரம் நாட்டுக்கு நாடு வெவ்வேறு விடைகளைச் சொல்லிக்கொண்டு அப்படியே நிற்கின்றது. தாயும் தந்தையும் எவர் என்பது துணியப்படாதவிடத்து மூன்றாவது வினாவுக்கும் விடை கிடையாது.

இதற்கு 2008 ஆம் ஆண்டு இலண்டன் மேல் நீதிமன்றத்தில் நீதியரசர் ஹெட்லி விசாரித்த வழக்கு தக்க சான்று. ஆங்கிலத் தம்பதிகளுக்காக உக்ரேன் நாட்டுப் பெண்ணொருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுக் கொடுத்தாள். உக்ரேன் சட்டப்படி வேண்டிய தம்பதிகளே பெற்றோர். ஆதலின் குழந்தைகளுக்கு அந்நாட்டுப் பிரசாவுரிமை இல்லை. ஆங்கிலச் சட்டப்படியோ பெற்றவளே தாய். அவள் மணமானவளாதலின் அவளுடைய கணவனே தந்தை. ஆதலின் குழந்தைகளுக்குப் பிரித்தானியப் பிரசாவுரிமையும் இல்லை. ஒவ்வொரு நாடும் "எமக்குரியரல்லர், மற்ற நாட்டுக்குரியர்" என்று கைகாட்டியது! இரண்டு சட்டங்களும் தத்தம் நாட்டுக்குள் குறையற்றவையே. அவ்விரண்டும் சந்திக்கும் எல்லையிலேதான் குழந்தை தவறி விழுந்தது. மரபணுச் சோதனையின் பின்னர் குடிவரவு விதிகளுக்குப் புறம்பான சலுகையாகவே அவை இங்கிலாந்துக்குள் அனுமதிக்கப்பட்டன. ஒரு வீட்டுக்கு முற்பணமாகச் சுமந்த தாய்க்கு வழங்கப்பட்ட 25,000 ஐரோ நியாயமான செலவினத்தை மிஞ்சியது என்பது நீதிபதிக்குத் தெளிவு. எனினும் அதனைக் காரணங்காட்டிப் பெற்றோர் உரிமைக் கட்டளையை மறுத்தால் தண்டனை எவருக்கு? குழந்தைகளுக்கன்றோ! ஆகவே, குழந்தைகளின் நலனை முன்னிறுத்தி அவர் அக்கொடுப்பனவை அங்கீகரித்துக் கட்டளை வழங்கினார்.

அந்நீதிபதி உணர்ந்த உண்மையை அரசாங்கங்கள் உணர மறுக்கின்றன. பிரான்சு நாடு வாடகைத் தாய் ஒப்பந்தங்களை 1994 ஆம் ஆண்டு முதலே சட்டத்தினால் செல்லுபடியற்றனவாக்கிற்று. கலிபோர்னியாவிலே 2000 ஆம் ஆண்டிற் பிறந்த இரட்டைச் சிறுமியரை, அமெரிக்க நீதிமன்றம் எவருடைய மக்கள் என்று தீர்த்ததோ அவருடைய மக்களாகப் பதிய அது மறுத்தது. அவர்கள் பருவமடையும் வயது வரை வழக்கு நீண்டது. 2014 ஆம் ஆண்டு யூன் மாதம் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தந்த தீர்ப்பை ஊன்றி நோக்கவேண்டும். பெற்றோரின் குடும்ப வாழ்வுரிமை மீறப்படவில்லை. ஆனால், தாம் இன்னார் மக்கள் என்று அறியப்படும் குழந்தைகளின் உரிமை மீறப்பட்டது என்பதே அத்தீர்ப்பு. பெற்றோரின் செயல் வேறு, பிள்ளையின் உரிமை வேறு என்று நீதிமன்றம் கோடு கிழித்துக் காட்டிற்று.

ஆயினும் அந்த நீதிமன்றமும் எல்லாக் குழந்தைகளையும் காத்துவிடவில்லை. 2011 ஆம் ஆண்டு மொஸ்கோவிற் பிறந்து, மரபணுத் தொடர்பு எதுவும் இல்லாத இத்தாலியத் தம்பதிகளிடம் வளர்ந்த குழந்தையொன்றை இத்தாலிய அதிகாரிகள் சில மாதங்களிற் பிரித்தெடுத்தனர். 2017 ஆம் ஆண்டு சனவரியில் அந்நீதிமன்றத்தின் பெருமன்றம் அதில் உரிமை மீறல் இல்லையென்று தீர்த்தது. இத்தாலி அத்துடன் நிற்கவில்லை. தன் பிரசைகள் வெளிநாடு சென்று வாடகைத் தாயை நாடினும் குற்றமே என்று 2024 ஆம் ஆண்டு ஒக்டோபரிற் சட்டம் நிறைவேற்றியது. ஈராண்டு வரை சிறை, பத்து இலட்சம் ஐரோ வரை அபராதம்! பெற்றோர் சிறை சென்றால் அக்குழந்தை யார் கையிலிருக்கும் என்று கேட்கின்றோம். எய்தவன் இருக்க அம்பை நோவது எந்த நீதி?

"தடை செய்தால் தீர்ந்தது" என்போர் ஆசியாவின் அண்மை வரலாற்றையும் படிக்கவேண்டும். 2015 ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியா அந்நியருக்குக் கதவடைத்தது. பின்னர் 2021 ஆம் ஆண்டின் சட்டத்தினால், கூலி பெறாது உதவும் முறையை மட்டும் நிபந்தனைகளுடன் அனுமதித்து, வணிகமாகச் செய்வதைப் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிற்று. தாய்லாந்திலோ 2014 ஆம் ஆண்டு ஒரு விவகாரம் உலகை உலுக்கிற்று. அவுஸ்திரேலியத் தம்பதிகளுக்காகப் பிறந்த இரட்டையரில் பெண் குழந்தை அவர்களுடன் செல்ல, டவுன் நோய்க்கூறுடன் பிறந்த ஆண் குழந்தை சுமந்த தாயிடமே தங்கிற்று. குழந்தையை அவர்கள் கைவிட்டனர் என்ற குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லையென 2016 ஆம் ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றம் கண்டது. அதற்கிடையில், 2015 ஆம் ஆண்டிலேயே தாய்லாந்து அந்நியருக்குத் தடை விதித்துவிட்டது. அதே ஆண்டு நேபாளமும் கதவை மூடிற்று. தரகர்கள் கம்போடியாவுக்கு நகர்ந்தனர். 2016 ஆம் ஆண்டு அங்கும் தடை வந்தது. ஒரு வாசல் அடைபட, அடுத்த ஏழை நாட்டின் வாசல் தட்டப்பட்டது. வணிகம் ஒழியவில்லை, இடம் பெயர்ந்தது.

கம்போடியாவில் அத்தடையின் பாரம் எவர் தலையில் விழுந்தது என்பதையும் காண்க. 2018 ஆம் ஆண்டு யூன் மாதம், வயிற்றிற் பிறர் கருவைச் சுமந்திருந்த முப்பதுக்கு மேற்பட்ட ஏழைப் பெண்கள் கைதாகினர். அவர்கள்மீது ஆட்கடத்தற் குற்றம் சாட்டப்பட்டது. அக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்ப்பதாக ஒப்புக்கொண்ட பின்னரே அவ்வாண்டு திசெம்பரில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். பசிக்காகச் சுமந்தவளுக்குச் சிறையும், பின்னர் வளர்க்க வகையில்லாத பிள்ளையும் பரிசாகக் கிடைத்தன.

சட்டம் வெளிப்படையாக அனுமதித்த உக்ரேனிலும் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு நிறைவாக இருக்கவில்லை. 2020 ஆம் ஆண்டு கொள்ளை நோயினால் எல்லைகள் மூடப்பட்டபோது, கீவ் நகர விடுதியொன்றில் நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் தாலாட்டப் பெற்றோரின்றித் தொட்டில் வரிசைகளிற் கிடந்த காட்சியை உலகம் கண்டது. 2022 ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர் மூண்டபோது, அத்தகைய குழந்தைகளை நிலவறைகளிலே தாதியர் காத்தனர். ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருந்தும், எல்லை மூடப்படும் நாளிற் குழந்தை எவர் பொறுப்பு என்பது திட்டமாக வகுக்கப்பட்டிருக்கவில்லை.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் இதுபற்றித் தனிச் சட்டம் எதுவும் இல்லை. எனவே, இத்தகைய பிறப்பொன்று நேர்ந்தால் நீதிமன்றம் பழைய சட்டங்களையே புரட்டவேண்டும். 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112 ஆம் பிரிவு, மணவாழ்வு நிலவுங் காலத்தில் மனைவி பெறும் பிள்ளை அவள் கணவனின் பிள்ளையே என்பதை முடிவான சான்றாக்குகின்றது. கருவுறக்கூடிய காலத்திற் கணவன் அவளை அணுக வாய்ப்பிருக்கவில்லை என்றோ, அவன் ஆண்மையற்றவன் என்றோ காட்டினாலன்றி அம்முடிவு அசையாது. ஆகவே, மணமான பெண்ணொருத்தி பிறருக்காகச் சுமந்தாற் சட்டம் அவளுடைய கணவனின் பெயரையே தந்தையின் இடத்தில் எழுதச் சொல்லும். குருதியுறவுடைய தந்தை தன் பிள்ளையைத் தத்தெடுக்க 1941 ஆம் ஆண்டின் பிள்ளைகள் தத்தெடுத்தற் சட்டத்தின் கீழ் மன்றாட வேண்டிவரும்.

வெளிநாட்டிலே பிறந்தால் நிலைமை இன்னும் சிக்கலானது. 2003 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி தாயோ தந்தையோ இலங்கைப் பிரசையாயிருத்தல் வம்சாவழிப் பிரசாவுரிமைக்குப் போதும். பிறப்பை ஓராண்டுக்குள், அல்லது அமைச்சர் தக்க காரணத்தின் பேரில் நீட்டும் காலத்துக்குள், பதிவு செய்தல் வேண்டும். ஆனால் தாய், தந்தை என்போர் எவர்? சுமந்தவளா, கருமுட்டை தந்தவளா, வேண்டியவளா? வாடகைத் தாய் முறையைக் கருத்திற்கொண்ட விளக்கம் எதுவும் அச்சட்டத்தில் இல்லை. கருமபீடத்தில் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தரின் விருப்பு வெறுப்புக்கு ஒரு குழந்தையின் நாடு விடப்பட்டுள்ளது. பிறப்புப் பத்திரமும் உத்தியோகத்தரின் மனப்போக்கும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு மலைநாடு சாட்சி.

"இல்லாத ஒன்றைப் பற்றி இப்போது ஏன் கவலை?" என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகின்றோம். 1970 களிலும் 1980 களிலும் இத்தீவிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டன. பொய்ப் பத்திரங்கள் புனையப்பட்டன. நீதிமன்றத்தில் தாயாக நின்று கையெழுத்திட வேறு பெண்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். குழந்தைப் பண்ணைகள் நடந்தன. 2017 ஆம் ஆண்டிலேயே இந்நாட்டு அமைச்சரொருவர் ஒல்லாந்துத் தொலைக்காட்சிக்கு அதனை ஒப்புக்கொண்டார். 2021 ஆம் ஆண்டு ஒல்லாந்து அரசாங்கம் நியமித்த குழு, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளிலிருந்து பெற்ற தத்துக்களில் நிகழ்ந்த முறைகேடுகளை அம்பலப்படுத்திற்று. அக்குழந்தைகள் இன்று நடுவயதினராகித் தாயைத் தேடி வந்து, பத்திரத்திலுள்ள பெயர் பொய்யென்று கண்டு கண்ணீருடன் திரும்புகின்றனர். சட்டம் துயின்ற காலத்தில் தரகன் விழித்திருந்தான். இன்று போரினாற் கணவரை இழந்து குடும்பந் தாங்கும் பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரவர். நுண்கடன் சுமையால் நலிந்தோர் எத்தனையோ பேர். அடைபட்ட நாடுகளிலிருந்து நகரும் வணிகம் அடுத்து எந்தக் குடிசையின் படலையைத் தட்டும் என்று நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வெள்ளம் வந்தபின் அணைகோலும் வழக்கத்தை இதிலாவது கைவிடுவோமாக.

ஆதலின், பாராளுமன்றத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

முதலாவது, இலங்கையருக்கு இம்முறையாற் பிறக்கும் எக்குழந்தையும், பெற்றோர் எச்சட்டத்தை மீறியிருப்பினும், நாடற்றதாக விடப்படலாகாது. "பெற்றோர்" என்ற சொல்லுக்குப் பிரசாவுரிமைச் சட்டத்தில் தெளிவான வரைவிலக்கணம் வேண்டும். குழந்தை உரிமைச் சமவாயத்தை 1991 ஆம் ஆண்டு ஏற்று ஒப்பமிட்ட நாடு இது. பெயரும் நாட்டுரிமையும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியன என்பது அதன் 7 ஆம் உறுப்புரை.

இரண்டாவது, பெற்றோர் எவர் என்பதை மாவட்ட நீதிமன்றமொன்று கருவுறுமுன் ஆராய்ந்து, பிறந்தவுடன் உறுதிசெய்யும் முறை வேண்டும்.

மூன்றாவது, சுமக்கும் பெண்ணுக்குத் தனிச் சட்டத்தரணி வேண்டும். அவள் அறிந்த மொழியில், தமிழாயின் தமிழிலும் சிங்களமாயிற் சிங்களத்திலும், ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். விளங்காத ஆங்கிலப் பத்திரத்திற் பெருவிரல் பதிப்பது இணக்கமன்று. மருத்துவச் செலவும் காப்புறுதியும் பிள்ளைப்பேற்றின் பின்னரும் தொடரவேண்டும். எக்காரணத்தாலும் அவள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படலாகாது.

நான்காவது, இலாபத்துக்காக நடத்தும் தரகர் கடுமையாகத் தண்டிக்கப்பட வேண்டும். அந்நியருக்கென இத்தொழில் இந்நாட்டில் நடைபெற இடமளிக்கலாகாது.

ஐந்தாவது, குழந்தை வளர்ந்து வினவும் நாளில் மெய்யான விடை கிடைக்கும் வண்ணம் பிறப்பின் வரலாறு முழுவதும் அரசாங்கப் பதிவேட்டிற் பேணப்பட வேண்டும்.

எல்லை தாண்டும் இவ்விடயத்தை ஒரு நாட்டின் சட்டம் தனித்துத் தீர்க்கமாட்டாது என்பதையும் நாம் அறிவோம். ஹேக் நகரிலுள்ள சர்வதேசத் தனியார் சட்ட மகாநாடு 2015 ஆம் ஆண்டு முதல் நிபுணர்களைக் கூட்டி இதனை ஆராய்ந்து வருகின்றது. அனைத்து நாடுகளையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை இன்னும் உருவாகவில்லை. வாங்கும் நாடுகளின் குரல் மட்டும் அங்கு ஒலித்தாற் போதாது. சுமக்கும் பெண்களின் நாடுகளும் வாய்திறக்க வேண்டும்.

கடல் கடந்து வாழும் எம்மவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் குடியேறிய நாடுகள் பலவற்றில் இம்முறைக்கு இடமில்லை. சுவிற்சர்லாந்தில் அரசியல் யாப்பே அதனைத் தடுக்கின்றது. பிரான்சும் ஜேர்மனியும் இடமளிப்பதில்லை. கனடாவில் சுமக்கும் பெண்ணுக்குக் கூலி கொடுப்பது குற்றம். பிரித்தானியாவிற் பெற்றோர் உரிமைக் கட்டளைக்குப் பிறந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். காலந் தாழ்த்தியோருக்கு நீதிமன்றம் இரங்கியதுண்டெனினும் அந்த இரக்கத்தை நம்பி இருத்தல் பேதைமை. பெற்றவள் ஆறு வாரத்துக்கு முன் தரும் இணக்கமும் அங்கே செல்லாது. ஆகவே, முற்பணம் கட்டுமுன் நீங்கள் வாழும் நாட்டிலொன்றும் குழந்தை பிறக்கும் நாட்டிலொன்றுமாக இரு சட்டத்தரணிகளிடம் எழுத்தில் விடை பெறுங்கள்: பிறப்புப் பத்திரத்தில் எவர் பெயர் வரும்? எந்த நாடு கடவுச்சீட்டுத் தரும்? அதனை உங்கள் நாடு ஏற்குமா? குழந்தைக்கு உங்களில் ஒருவரோடேனும் மரபணுத் தொடர்பு உண்டா? தரகனின் வாக்குறுதி எந்த விமான நிலையத்திலும் செல்லுபடியாகாது.

பெற்றோர் சட்டத்தை மீறியிருக்கலாம். தரகன் பொய் சொல்லியிருக்கலாம். இரு அரசாங்கங்கள் ஒன்றையொன்று பார்த்துக் கைவிரித்திருக்கலாம். இவற்றுள் எதிலும் பங்கில்லாதது குழந்தை ஒன்றே. எமது பிரதிநிதிகள் இவ்விடயத்தை வரும் பாராளுமன்ற அமர்விலேயே எழுப்பவேண்டும். நாடற்றவர் என்ற பழியைத் தலைமுறைகளாகச் சுமந்த மக்களின் சார்பில் பேசுவோருக்கு, அப்பழி மற்றொரு தலைமுறையின் தொட்டிலைத் தீண்டாது தடுப்பது தவிர்க்கொணாக் கடமையாகும்.